கொன்ட்ராவைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு

மலையகத்தில் நாற்பதை ஒட்டிய வயதுக்காரர் ஒருவரிடம் டிவி கேம் பற்றிப் பேச்செடுத்தால், அடுத்த வார்த்தையாகக் கொன்ட்ரா வந்து விழும், ஓடிக்கொண்டே எதிரிகளைச் சுடும் விளையாட்டு. அந்தத் தலைமுறை மஞ்சள் கேசட்டைச் செருகி விளையாடியது. இப்போது அதே விளையாட்டு உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பெட்டிகளில் ஹட்டன், பண்டாரவளை, பதுளைக் கடைகளுக்குத் திரும்பி வந்திருக்கிறது. வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் மூன்று உயிரையும் கொடுத்துவிட்டு, "இதை யாராலயும் விளையாட முடியாது" என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

விளையாட முடியும். வேகமான விரல் வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் தோற்கிறார்கள். கொன்ட்ரா கேட்பது ஞாபகசக்தியை. எந்த மரத்தடியில் பீரங்கி இருக்கிறது, எந்தப் பாலம் வெடிக்கும், எந்தப் பெட்டிக்குள் எந்தத் துப்பாக்கி என்பதெல்லாம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அப்படியே இருக்கும். ஓடி வரும் சிப்பாய்கள் மட்டும்தான் கணக்கில்லாமல் வருவார்கள். மற்றதெல்லாம் மனப்பாடம். அதுதான் இந்த விளையாட்டின் பெரிய பலம். சிலருக்கு அதுவே அலுப்பும் ஆகலாம்.

அடிப்படைத் தகவல் கொஞ்சம். கொனாமி நிறுவனம் 1987இல் இதைக் காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரங்களுக்காக வெளியிட்டது. 1988இல் நின்டெண்டோவின் வீட்டுக் கொன்சோலுக்கு வந்தது. நம் ஊர்களில் எல்லாரும் பார்த்தது இந்த வீட்டு வடிவத்தைத்தான். அமெரிக்கப் பதிப்பின் அளவு மொத்தமே 128 கிலோபைட். போனில் எடுக்கும் ஒரு படம்கூட இதைவிடப் பல மடங்கு பெரிது. எட்டு ஸ்டேஜ், இரண்டு வீரர்கள். பில் நீலக் காற்சட்டை, லான்ஸ் சிவப்பு. ஐரோப்பாவில் இதையே 'புரோபொடெக்டர்' என்ற பெயரில், மனிதர்களை ரோபோக்களாக மாற்றி விற்றார்கள். ஜப்பானியக் கதைப்படி எல்லாம் 2633ஆம் ஆண்டில், நியூசிலாந்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு கற்பனைத் தீவுக்கூட்டத்தில் நடக்கிறது. கதையைத் தெரிந்துகொண்டால்தான் விளையாடலாம் என்றில்லை. கதை இருப்பதே தெரியாமல் முடித்தவர்கள்தான் அதிகம்.

முதல் வேலை: எதில் விளையாடுவது என்று முடிவெடுங்கள்

மூன்று வழி இருக்கிறது. பழைய டிவி கேம் செட்டும் கேசட்டும் ஒன்று. கடைகளில் விற்கும் "400 கேம்" மாதிரியான கையடக்கப் பெட்டி இன்னொன்று. கொம்பியூட்டர், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன், ஸ்விட்ச் ஆகியவற்றுக்காகக் கொனாமியே 2019இல் வெளியிட்ட கொன்ட்ரா அனிவர்சரி கலெக்‌ஷன் மூன்றாவது.

வீட்டில் கொம்பியூட்டர் இருந்தால் மூன்றாவதைத்தான் சொல்வேன். முறையான உரிமத்தோடு வருவது அதுதான். இன்னொரு காரணமும் உண்டு: பழைய கேசட்டில் சேவ் கிடையாது, பாஸ்வேர்டும் கிடையாது. ஏழாவது ஸ்டேஜில் கரண்ட் போனால் அவ்வளவுதான், திரும்ப முதலிலிருந்து. லக்சபான மின்நிலையங்கள் பக்கத்து மலையிலேயே இருந்தாலும், கொஞ்சம் காற்றடித்தால் தோட்டத்தில் முதலில் போவது கரண்ட்தான் என்பது உங்களுக்கே தெரியும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை வெட்டினார்களே, அந்த நாட்களில் சேவ் இல்லாத கேமை யாராலும் முடித்திருக்க முடியாது. கலெக்‌ஷனில் நினைத்த இடத்தில் சேவ் செய்யலாம்.

கையடக்கப் பெட்டி மலிவு, பாட்டரியில் ஓடும், பஸ்ஸிலும் விளையாடலாம். ஆனால் திரை சின்னது. கொன்ட்ராவில் எதிரியின் குண்டு ஒரு சிறு புள்ளி. அந்தப் புள்ளியைக் கண்டால்தான் உயிர். டிவியில் கொடுக்கும் வயர் கூடவே வந்தால் பெட்டியை டிவியில் மாட்டுங்கள். மெனுவில் நூறு பெயர் இருக்கும், பாதி ஒரே கேம். கொன்ட்ராவே நாலைந்து பெயரில் வரலாம், சிலவற்றில் முதலிலேயே 30 உயிர் போட்டு வைத்திருப்பார்கள். பழகுவதற்கு மூன்று உயிரோடு தொடங்குவதைத் தேடி எடுங்கள்.

பழைய செட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். பெரிய குழாய் டிவி இன்னும் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பட்டனை அமுக்கியதும் வீரன் குதிப்பது அதில்தான். புதிய தட்டை டிவி படத்தைத் தன் பாட்டுக்கு ஒரு கணம் பதப்படுத்திவிட்டுத்தான் காட்டும். அந்த ஒரு கணத்தில் பாலம் வெடித்துவிடும். தட்டை டிவிதான் என்றால் செட்டிங்கில் கேம் மோடைப் போடுங்கள். செட்டோடு வந்த பிளாஸ்டிக் துப்பாக்கி தட்டை டிவியில் வேலையே செய்யாது. கொன்ட்ராவுக்கு அது தேவையும் இல்லை, வாத்துச் சுடும் கேமுக்குத்தான்.

வேகத்திலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்கா, ஜப்பானில் இந்தக் கேம் நொடிக்கு 60 படம் என்ற கணக்கில் ஓடும். நம் டிவி முறைக்காகச் செய்த பழைய செட்டுகள் பெரும்பாலும் 50இல் ஓடும். அதனால் பாட்டு கொஞ்சம் இழுக்கும், எதிரிகள் கொஞ்சம் மெதுவாக வருவார்கள். பழைய செட்டில் பழகிய அண்ணன்மார் கலெக்‌ஷனைத் தொட்டதும் "இது வேற கேமா?" என்று கேட்பது இதனால்தான்.

செட்டைக் காப்பாற்றுவது

இதைக் கொழும்பில் இருப்பவர்களுக்கு எழுதினால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். நம் பக்கம் ஈரம் அதிகம். ஜூன், ஜூலையில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் துணி காயாது. டிசம்பர், ஜனவரியில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் அதே கதை. கேசட்டின் அடியில் வரிசையாகத் தெரியும் செப்புப் பற்களில் இந்த ஈரம் பட்டுப் பாசி மாதிரி படியும். அப்புறம் திரை முழுக்கச் சாம்பல் நிறம், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகக் குப்பை.

உடனே எல்லாரும் செய்வது கேசட்டைக் கழற்றி வாயால் ஊதுவது. ஊதியதும் சில வேளை வேலை செய்யும். அது ஊதியதால் இல்லை, கழற்றித் திரும்பச் செருகியதால். ஊதும்போது எச்சில் ஈரமும் உள்ளே போய் இன்னும் கறுக்க வைக்கும். பார்மசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சின்னப் போத்தலாக வாங்குங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, பற்களின் மேல் நீளவாக்கில் தேயுங்கள். குச்சி கறுப்பாக வரும். கறுப்பு வராத வரைக்கும் குச்சியை மாற்றி மாற்றித் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். விளையாடி முடித்ததும் கேசட்டை மூடி இறுக்கமான பால்மா டின்னில், புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டோடு போட்டு வைத்தால் போதும்.

அடப்டர் விஷயத்தில் விளையாடாதீர்கள். யாராவது ஜப்பானிலிருந்து அசல் செட் கொண்டுவந்து கொடுத்தால், அதன் அடப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் சுவரில் வருவது 230. நேரே குத்தினால் புகைதான். நகல் செட்டுகளில் அடப்டர் தொலைந்திருந்தால், செட்டின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டையும், பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்ற படத்தையும் பார்த்துத்தான் வேறொன்று வாங்க வேண்டும். முனை பொருந்துவதால் மட்டும் சரியான அடப்டர் ஆகிவிடாது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால் ஸ்டேஜ் எதுவாக இருந்தாலும் பிளக்கையும் அன்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள்.

பட்டன்கள்

ஏ குதிக்க, பி சுட. ரிமோட்டில் ஏ, பிக்கு மேலே இன்னும் இரண்டு பட்டன் இருந்தால் அவை டர்போ. அமுக்கிப் பிடித்தாலே சுட்டுக்கொண்டிருக்கும். அதில் சுடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் டர்போவில் குதிக்காதீர்கள், தரையைத் தொட்டதுமே வீரன் திரும்பத் திரும்பத் துள்ளுவான்.

மேலே அமுக்கினால் நேர் மேலே சுடும். மேலும் பக்கமும் சேர்த்தால் சாய்வாக. கீழே அமுக்கினால் படுத்துவிடுவான், அப்போது சுட்டால் குண்டு தரையோடு போகும். கீழேயும் ஏயும் சேர்த்து அமுக்கினால் நிற்கும் மேட்டிலிருந்து கீழ் மேட்டுக்கு இறங்குவான். குதித்த பிறகு காற்றிலேயே முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பலாம், நேர் கீழேயும் சுடலாம். இந்தக் கடைசி இரண்டும் தெரியாமல்தான் பலர் செத்துப்போகிறார்கள்.

என்னைக் கேட்டால் கொன்ட்ராவின் முதல் பலம் இதுதான். அந்தக் காலத்துக் கேம்களில் வீரன் குதித்தான் என்றால் குதித்தான்தான், நடுவில் மனம் மாற முடியாதவை நிறைய. இங்கே நினைத்த திசைக்கு நினைத்த கணத்தில் சுடலாம், திரும்பலாம், படுக்கலாம். செத்தால் ரிமோட்டைக் குறை சொல்ல வழியில்லை. (ரிமோட்டின் உள்ளே ரப்பர் தேய்ந்திருந்தால் அது வேறு. குளிர் காலத்தில் நுவரெலியாப் பக்கம் விரல் விறைத்துத் திசைப் பட்டன் வழுக்கும். தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டுத் தொடங்குங்கள்.)

முதல் ஸ்டேஜ்: இங்கே அவசரப்படாதீர்கள்

புதியவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. வலது பக்கம் மூச்சுப் பிடித்து ஓடுவார்கள், இல்லாவிட்டால் பயந்து ஒரே இடத்தில் நின்று சுடுவார்கள். நின்றால் சிப்பாய்கள் வந்துகொண்டே இருப்பார்கள், ஓயவே மாட்டார்கள். ஓடினால் திரைக்கு வெளியிலிருந்து வருகிறவன் மேல் நீங்களே போய் முட்டுவீர்கள். வீரனைத் திரையின் நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக வைத்துக்கொண்டு, சுட்டுக்கொண்டே நடப்பதுதான் வழி. நாலு எட்டு வையுங்கள், புதிதாக எது தெரிகிறது என்று பாருங்கள், அதை முடியுங்கள், அப்புறம் நடங்கள்.

தண்ணீரில் விழுந்தால் பயப்பட வேண்டாம். கீழே அமுக்கினால் முங்கிவிடுவான், குண்டு படாது. முங்கியிருக்கும்போது சுடவும் முடியாது. அடுத்து வருவது பாலம். காலை வைத்ததும் பின்னாலிருந்து துண்டு துண்டாக வெடித்துக்கொண்டு வரும். நின்று வேடிக்கை பார்க்காமல் நிற்காமல் ஓடினால் தாண்டிவிடலாம். தாண்டியதும் இன்னொரு பாலம். அதற்கும் அதே வைத்தியம்.

வழியில் மேலே பறந்து போகும் கப்ஸ்யூலையும், நிலத்தில் மூடித் திறக்கும் பெட்டிகளையும் சுட்டால் எழுத்து ஒன்று துள்ளி விழும். அதுதான் துப்பாக்கி. பெட்டி திறந்திருக்கும்போது மட்டும்தான் குண்டு ஏறும், மூடியிருக்கும்போது சுடுவது வீண்.

கடைசியில் ஒரு பெரிய சுவர். மேலே இரண்டு பீரங்கி, உச்சியில் ஒரு சிப்பாய், அடியில் சிவப்பாக மின்னும் ஒரு வட்டம். பலர் பீரங்கிகளோடு மல்லுக்கட்டிக் கையிலிருந்த உயிரையெல்லாம் விடுகிறார்கள். அந்தச் சிவப்பு வட்டத்தை மட்டும் உடைத்தாலே சுவர் இடியும். பீரங்கிக் குண்டு வளைந்து விழும் இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஒதுங்கி நிற்க ஓர் இடம் உங்களுக்கே பிடிபடும்.

எந்தத் துப்பாக்கி

எஸ். அவ்வளவுதான், மற்றதையெல்லாம் மறந்துவிடலாம்.

கொஞ்சம் விரிவாகச் சொன்னால்: எஸ் ஒரே தடவையில் ஐந்து குண்டை விசிறி மாதிரி விரிக்கும். முதல் ஸ்டேஜிலேயே கிடைக்கும். எம் அமுக்கிப் பிடித்தால் தொடர்ந்து சுடும், மோசமில்லை. எல் லேசர், பலமானது, ஆனால் முன்பு விட்ட கோடு போய்ச் சேருவதற்குள் திரும்ப அமுக்கினால் அது அறுந்து புதிது தொடங்கும். பதற்றத்தில் பட்டனைத் தட்டுகிறவர்களுக்கு ஆகாது. எஃப் சுருண்டு சுருண்டு மெதுவாகப் போகும் நெருப்பு, எதிரி வந்து சேர்ந்த பிறகும் அது போய்ச் சேராது. ஆர் குண்டின் வேகத்தைக் கூட்டும். பி கொஞ்ச நேரத்துக்கு உங்களை யாரும் தொட முடியாமல் செய்யும். அது கையில் இருக்கும்போது மட்டும் துணிந்து ஓடலாம்.

விளையாட்டின் முதல் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. ஐந்து வகைத் துப்பாக்கி கொடுத்துவிட்டு, ஒன்றை மற்ற எல்லாவற்றையும்விட இவ்வளவு தூக்கி வைத்தால் தெரிவு செய்ய என்ன மிச்சம்? எஸ் கையில் இருக்கும்போது குதிக்கிற வழியில் தெரியாமல் எஃப் பட்டுவிட்டால் அழுகைதான் வரும். எழுத்து விழுந்தால் முதலில் படியுங்கள், வேண்டாததென்றால் விலகி நின்று விழவிட்டுவிடுங்கள்.

இதைவிடப் பெரிய குறை, செத்ததும் துப்பாக்கி போய்விடுவது. ஒரே ஒரு குண்டு பட்டாலே சாவு. செத்தால் அதே இடத்தில் சாதாரணத் துப்பாக்கியோடு திரும்ப விழுவீர்கள். கஷ்டமான இடத்தில்தான் சாகிறோம், அந்த இடத்திலேயே கையில் ஆயுதம் இல்லாமல் நிற்கிறோம். அதனால் ஓர் உயிர் போனால் அடுத்த இரண்டும் வரிசையாகப் போகும். இதை யாரும் நியாயம் என்று சொல்ல முடியாது. ஒரே மருந்து: எஸ் போன பிறகு பாஸிடம் (ஸ்டேஜ் முடிவில் வரும் பெரிய எதிரி) பாய்ந்து போகாமல், சாதாரணத் துப்பாக்கியால் எப்படி அடிப்பது என்பதையும் முன்கூட்டியே பழகிக்கொள்வது. மூன்று உயிரும் போனால் மூன்று தடவை கண்டினியூ கிடைக்கும். ஆனால் அந்த ஸ்டேஜின் தொடக்கத்திலிருந்து.

இரண்டும் நான்கும்

இரண்டாவது ஸ்டேஜில் பார்வை மாறிவிடும். வீரனின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்ப்போம், எதிரே சுவர். சுவரிலுள்ள மையத்தை உடைத்தால் மின்சாரக் கம்பி அணையும், மேலே அமுக்கி அடுத்த அறைக்குப் போகலாம். கம்பி அணையாமல் மேலே அமுக்கினால் ஷொக் அடித்துச் சில கணம் அசையாமல் நிற்பான். குண்டு வரும் உயரத்தைக் கவனித்துப் படுத்துவிட்டால் பெரும்பாலானவை தலைக்கு மேலே போகும்.

புதுமைக்காகப் பாராட்டலாம். எனக்கு இந்த இரண்டு ஸ்டேஜும் பிடிக்காது. குண்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணுக்கு உறுதியாகத் தெரியாது. நான்காவது ஸ்டேஜ் இரண்டாவதையே கொஞ்சம் நீட்டித் திரும்பத் தருகிறது. சீக்கிரம் கடந்து போகும் வழி: ஓரத்தில் நில்லுங்கள், மையம் வரும்போது மட்டும் நடுவுக்கு வாருங்கள்.

மூன்றாவது ஸ்டேஜும் இரண்டு பேரும்

நீர்வீழ்ச்சி. சென்கிளேயரையும் டெவனையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நீலக் கோடுகள் சிரிப்பைத் தரலாம், ஆனால் கேமின் மிக அழகான ஸ்டேஜ் இதுதான் என்பேன். மேலே, மேலே என்று மேட்டுக்கு மேடு தாவி ஏற வேண்டும். திரை மேலேதான் நகரும், கீழே வராது. அதன் அடிவிளிம்புக்குக் கீழே விழுந்தால் சாவு, அங்கே ஒரு கணம் முன்பு நல்ல மேடு இருந்திருந்தாலும் சரி.

தனியே விளையாடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. இரண்டு பேர் விளையாடும்போதுதான் வீட்டில் சண்டை வரும். முன்னால் ஏறுகிறவன் திரையை இழுத்துக்கொண்டே போவான். பின்னால் நிற்பவன் காலுக்கடியில் மேடு மறையும். அண்ணன் இரண்டு தாவல் தாவுவதற்குள் தம்பி, "டேய் அண்ணா, நில்லு நில்லு! ஏறாத!" என்று கத்துவான். அண்ணன் நிற்க மாட்டான், அவன் பக்கம் பாறை உருண்டு வருகிறது. தம்பியின் ஓர் உயிர் போகும். அடுத்த நிமிடம் தம்பி வேண்டுமென்றே அதையே திருப்பிச் செய்வான்.

இதற்கு ஒரு முறை இருக்கிறது. தொடங்கும் முன்பே யார் முன்னால் என்று பேசிக்கொள்ளுங்கள். பழக்கம் குறைந்தவர் முன்னால் ஏறட்டும். பழகியவர் ஒரு மேடு கீழே நின்று அவருக்காகச் சுடட்டும். மேலே போகிறவர் ஒவ்வொரு தாவலுக்கும் "போறேன்" என்று சொல்லிவிட்டுத் தாவட்டும். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும், செய்து பார்த்தால் பாதி உயிர் மிஞ்சும். எஸ் விழுந்தால் யாருக்கு என்பதையும் முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில், ஒரே திரையில், தோளோடு தோள் உட்கார்ந்து விளையாடுவது கொன்ட்ராவின் உயிர்நாடி. அந்தக் காலத்துக் கேம் பலவற்றில் ஒருவர் சாகும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். லயத்துச் சின்னக் காம்பராவில் இரண்டு பேர் விளையாட எட்டுப் பேர் சுற்றி நின்று வழி சொல்லும் சுகத்தை இப்போதைய ஒன்லைன் கேம் எதுவும் தரவில்லை. கூடவே ஒரு தொழில்நுட்பக் குறையும் இரண்டு பேர் ஆட்டத்தில்தான் பளிச்சென்று தெரியும். அந்தக் கொன்சோலால் ஒரே கிடைக்கோட்டில் எட்டு நகரும் துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. இரண்டு பேர் கையிலும் எஸ் இருந்தால் திரை குண்டால் நிறைந்து, உருவங்கள் விட்டு விட்டு மின்னும். எதிரியின் குண்டும் கண்ணுக்கு மறைந்து மறைந்து வரும். செட் பழுது என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். அமெரிக்கப் பதிப்போடு ஒப்பிட்டால் ஜப்பானியப் பதிப்பில் வேறு சிப் இருந்ததால் அசையும் மரங்கள், கொட்டும் பனி, ஸ்டேஜுகளுக்கு நடுவே வரைபடம் எல்லாம் உண்டு, ஆட்டம் அதேதான்.

முப்பது உயிர்

தலைப்புத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ, ஸ்டார்ட். இரண்டு பேர் என்றால் ஸ்டார்ட்டுக்கு முன்னால் செலெக்ட். தலா 30 உயிர். கசுஹிசா ஹஷிமொட்டோ என்ற கொனாமிக்காரர் கிராடியஸ் என்ற விமானச் சுடும் கேமின் 1986 வீட்டு வடிவத்துக்காக வைத்த வரிசை இது. கொன்ட்ராதான் அதை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. அவர் 2020இல் காலமானார்.

இதைப் பயன்படுத்துவது கள்ள ஆட்டமா என்று கேட்பவர்களுக்கு: கேமைச் செய்தவர்களே வைத்த கதவு அது. ஆனால் எப்போது திறப்பது என்பதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. முதல் ஸ்டேஜை மூன்று உயிரோடு, கோட் இல்லாமல், ஒரே ஓர் உயிரை மட்டும் விட்டு முடிக்கும்வரை தொடாதீர்கள். 30 உயிர் இருந்தால் எவருமே கவனமாக நடப்பதில்லை. செத்துச் செத்தே சுவரைத் தாண்டிவிடுவார்கள், எதுவும் மனதில் நிற்காது. முதல் ஸ்டேஜ் கைக்குள் வந்ததும் கோட்டைப் போட்டு, எட்டையும் ஊர் சுற்றிப் பார்ப்பது போல ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். எங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக மட்டும். அப்புறம் திரும்ப மூன்று உயிர்.

மிச்சமுள்ளவை, சுருக்கமாக

ஐந்தாவது பனிக்காடு. டாங்கிகள் வரும், நிறையச் சூடு தாங்கும்; படுத்துக்கொண்டு சுடுங்கள், தவறினால் பின்வாங்குங்கள். முடிவில் பறக்கும் தட்டு. ஆறாவதில் குழாய்களிலிருந்து நெருப்பு பீறிடும். அது ஒரு தாளத்தில் வந்து வந்து அணையும், எனவே ஓடுவதற்கு முன் ஒரு சுற்று நின்று பாருங்கள். அதன் பாஸ் ஒரு ராட்சதச் சிப்பாய். அவன் குதிக்கும்போது அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விடலாம். ஏழாவதில் கூரையிலிருந்து கொக்கிகள் இறங்கும், நிலத்திலிருந்து முட்சுவர் எழும்பும். மனப்பாடம் இல்லாமல் இதைக் கடப்பது கடினம், கோட் போட்டுப் பார்த்து வைத்தது இங்கேதான் உதவும். எட்டாவதில் வேற்றுக்கிரகவாசியின் குகை. கடைசியில் துடித்துக்கொண்டிருக்கும் ஓர் இதயம். அதைச் சுற்றியுள்ள முட்டைகளிலிருந்து வெளியே வருகிறவற்றை முதலில் துடையுங்கள், இதயம் எங்கும் ஓடிவிடாது.

பழகியவர் இதையெல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு குறைதான்: காசு கொடுத்து வாங்கிய கேம் இவ்வளவுதானா என்று கேட்கிறார்கள். அந்த அரை மணி நேரத்துக்கு வந்து சேர எத்தனை வாரம் போகும் என்பது விளையாடினால்தான் தெரியும். கதை வேண்டும், ஆளை வளர்க்க வேண்டும், ஒவ்வொரு நாளும் புதிதாக ஏதாவது திறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரே இடத்தில் பத்துத் தடவை செத்தும் எரிச்சலை அடக்கத் தெரியாத சின்னப் பிள்ளைக்கும் இப்போதைக்கு வேண்டாம். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையென்றால் இரண்டாவது ரிமோட்டைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இரத்தம் எதுவும் காட்டுவதில்லை, சுட்டதும் உருவம் மறைந்துவிடும். அந்த விதத்தில் பயமில்லை.

எட்டையும் கோட் இல்லாமல் முடித்தவர்கள் அடுத்து எடுக்க வேண்டியது சூப்பர் சி. 1990இல் அமெரிக்காவில் வந்த அடுத்த பாகம், அதே 2019 கலெக்‌ஷனிலேயே இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் பார்க்கும் அறைகளை எடுத்துவிட்டு, மேலிருந்து பார்க்கும் ஸ்டேஜுகளை வைத்திருக்கிறார்கள். அது எவ்வளவோ மேல். எஃப் துப்பாக்கியும் இதில் கொஞ்சம் மனிதனாகியிருக்கிறது. பழைய கோட் இங்கே வேலை செய்யாது. வலம், இடம், கீழ், மேல், ஏ, பி, ஸ்டார்ட் என்று அமுக்கினால் 10 உயிர் கிடைக்கும்.